வர்த்தமானீச்சரம்

திருச்சிற்றம்பலம்



"பொழுதில்லை" என்னுஞ் சொல் இக்காலத்து மக்கள் நாவில் வழங்குமளவு வேறெச்சொல்லும் வழங்குவதாகத் தோன்றவில்லை. நீரிறைக்கவும், மாவரைக்கவும், துணி வெளுக்கவும் பொறிகள் வந்துவிட்டன. திருமுகமொன்று போய்ச் சேரப் பல நாட் சென்ற நிலை மாறி, எழுதிய கணத்தே செய்தி கடல்கடந்து சேர்கின்றது. இவற்றால் மிஞ்சிய பொழுதெல்லாம் நம் வீடுகளிற் குவிந்து கிடத்தல் வேண்டுமன்றோ? கிடக்கக் காணோம். நம் பாட்டன்மார் வண்டி பூட்டிச் சென்று, ஒரு தலத்திற் பத்து நாள் தங்கித் திருவிழாச் சேவித்து மீண்டனர். நாமோ விடியலிற் புறப்பட்டு, ஒரே பகலில் ஒன்பது தலங்களைச் சுற்றிவந்து, இரவு உறங்குமுன் எத்தலத்தில் எவ்வம்மை என்பதனை மறந்தொழிகின்றோம். மிஞ்சிய பொழுது எங்கே போயிற்று என்பதற்குப் பொறிகள் விடை கூறமாட்டா. பொழுதாவது யாது என்று நம் முன்னோர் ஆராய்ந்து வைத்ததனுள் அவ்விடை உண்டு. அதனைத் திருப்புகலூர் என்னுந் திருத்தலத்தை முன்னிட்டு இன்று சிறிது சிந்திப்பாம்.

திருப்புகலூர் நன்னிலத்தினின்றும் நாகப்பட்டினம் செல்லும் நெறியில் உள்ளது. வேளாக்குறிச்சி ஆதீனத்தின் ஆட்சியில் விளங்குவது. அக்கினித் தீர்த்தம் அகழிபோலச் சூழ்ந்திருக்க, நடுவே அக்கினீசுவரர் கருந்தார்க்குழலியம்மையோடு எழுந்தருளியிருக்கின்றார். அப்பெருங்கோயிலினுள்ளேயே தனித்ததொரு பாடல்பெற்ற சந்நிதி உண்டு. வர்த்தமானீச்சரம் என்பது அதன் பெயர். திருஞானசம்பந்தப் பெருமான் அதற்கெனத் தனித் திருப்பதிகம் அருளிச் செய்திருக்கின்றார். அக்கோயிலில் பூதேசுவரர், வர்த்தமானேசுவரர், பவிசியேசுவரர் என மூன்று மூர்த்தங்கள் வழிபடப் பெறுகின்றன. சென்றது, நிகழ்வது, வருவது என்னும் முக்காலத்திற்கும் முதல்வன் ஒருவனே என்பது இதன் கருத்து.

ஈண்டு ஒரு சொல்லாராய்ச்சி. வர்த்தமானம் என்று தமிழெழுத்தில் எழுதுங்கால், வடமொழியில் 'நிகழ்வது' எனப் பொருள்படும் சொல்லும், 'வளர்வது' எனப் பொருள்படும் வேறொரு சொல்லும் ஓருருவே ஆகிவிடுகின்றன. ஆகலின் அப்பெயர்க்குப் பிறிதோர் வரலாறு கூறுவாரும் இருத்தல் கூடும். அதனை நாம் மறுக்கப் புகவில்லை. மூன்று மூர்த்தங்களின் பெயரொழுங்கு நோக்குமிடத்து நிகழ்காலப் பொருளே அங்கு வழிபடுவார் உள்ளத்தில் நிலைத்ததென்பது தெளிவு. நிகழ்வது வளர்வதுமாம் என்று கொள்வாரோடும் நமக்கு வழக்கில்லை.

இனிக் காலத்தின் இயல்பை நோக்குவாம். சைவ சித்தாந்தத்திற் காலம் ஒரு தத்துவம். அசுத்த மாயையினின்றுந் தோன்றி ஆன்மாவைப் போகத்திற் செலுத்தும் கருவிகளுள் ஒன்று. அது நித்தப் பொருளன்று, சடமுமாம். மனவாசகங்கடந்தார் உண்மை விளக்கத்திலே அதன் தொழிலை மூவகையாகப் பகுத்துக் காட்டியிருக்கின்றார். சென்ற காலம் இன்னவளவு என்று வரம்பு செய்யும்; நிகழ்காலம் பயனைக் கொடுக்கும்; எதிர்காலம் புதியதைக் கொணரும். இப்பகுப்பினை மாணாக்கர் பலரும் நெட்டுருச் செய்து ஒப்பிப்பர். அதன் நடுவிலுள்ள செய்தியை நின்று நோக்குவார் சிலரே. பயன் கொடுக்கும் ஆற்றல் நிகழ்காலம் ஒன்றற்கே சொல்லப்பட்டது. சென்றது பயன் தாராது. அது வேலி மாத்திரையே. வருவதும் பயன் தாராது. அது வாயில் மாத்திரையே. உண்ணுஞ் சோறு இலையிலிருக்கின்ற இப்பொழுதிலேயே இருக்கின்றது.

வினையின் பகுப்பும் இதனோடு ஒத்தே நடக்கின்றது. சஞ்சிதம் முன்னே ஈட்டிக் குவிந்தது. பிராரத்தம் அக்குவையினின்றும் எடுத்து இவ்வுடம்பிற்கு ஊட்டப்படுவது. அதனை நுகரும்போதே விருப்பு வெறுப்புக்களால் மேற்கொண்டு ஏறுவது ஆகாமியம். சஞ்சிதத்தை நாம் கையாற் றொட இயலாது; ஆசிரியன் அருணோக்கமே அதனை நீறாக்கும். ஆகாமியம் இன்னும் முளைக்கவில்லை. நம் அறிவு சென்று பற்றுதற்குரிய இடம் நுகர்ச்சி நிகழ்கின்ற இக்கணம் ஒன்றே. பழவினை ஊட்டப்படுவதும், புதுவினை விதைக்கப்படுவதும் அவ்வொரே இடத்தில். அவ்விடத்தில் ஆளில்லாமற் போனால் யாதாகும்? களத்திலே நெல்லைத் தூற்றவிட்டு உழவன் எங்கோ சென்றது போலாம்; பதரும் மணியும் ஒன்றாய்ப் பத்தாயத்திற்குப் போகும்.

இன்னும் ஒன்று. வினை சடமாதலின் தானே வந்து தன் பயனை ஊட்டாது. ஆன்மா சிற்றறிவுடைத்தாதலின் தனக்குரியதைத் தானே தெரிந்தெடுத்து உண்ணவும் மாட்டாது. இரண்டனையுங் கூட்டி ஊட்டுவான் முதல்வனே என்பது மெய்கண்ட நூல்களின் துணிபு. அங்ஙனமாயின் நமக்கு நிகழ்கின்ற ஒவ்வொரு நுகர்ச்சியும், இனிப்பாயினும் கைப்பாயினும், ஒரு கையால் ஊட்டப்பெறும் கவளமாம். தாய் கவளம் உருட்டி வாயருகே நீட்டுகின்றாள். குழந்தை தெருவிற் செல்லும் யானையை நோக்கிக் கழுத்தைத் திருப்பிக்கொள்கின்றது. விரைவு என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வது பெரும்பாலும் இக்கழுத்துத் திருப்பலே. உண்ணும்போது அலுவலையும், அலுவலின்போது வீட்டையும், வீட்டிலிருக்கும்போது நாளையையும் நினைக்கின்றோம். கவளம் கன்னத்தில் ஈஷிக்கொண்டு கீழே விழுகின்றது; பின்னர், வாழ்வில் சுவையில்லை என்று முறையிடுகின்றோம்.

இவ்வர்த்தமானீச்சரத்திற் பூத்தொண்டு செய்தவர் முருக நாயனார். அறுபத்துமூவர் வரலாறுகளுள் சுருங்கியவற்றுள் ஒன்று இவர் வரலாறு. கண்ணைப் பெயர்த்தார் என்றோ, வாளெடுத்தார் என்றோ இவரைப் பற்றிச் சொல்லுதற்கு ஒன்றுமில்லை. அந்தணர் குலத்துதித்த இவர் நாடோறும் வைகறையில் எழுந்தார், நீராடினார், பூக்கொய்தார், தொடுத்தார், சாத்தினார், திருவைந்தெழுத்தை இடைவிடாது ஓதினார். நாயனார் செயல் இவ்வளவே. நாள்கள் ஒன்றையொன்று ஒத்திருந்தன. ஆயினும் சேக்கிழார் பெருமான் இவர்க்குத் தனிப்புராணம் வகுத்தார். பிள்ளையார் இவர் மடத்தில் விரும்பித் தங்கினார். தாம் பாடிய வர்த்தமானீச்சரப் பதிகத்திலே இவர் முப்போதுஞ் சாத்திய மலர்த்தொண்டையும் பெயரோடு வைத்துப் பாடினார். இறைவனைப் பாடும் பதிகத்துள்ளே பூத்தொடுத்தவர் ஒருவர் பெயரும் ஏறியதன் காரணம் என்னை?

அத்தொண்டின் தன்மையைச் செய்து பார்த்தவர்க்கே அது விளங்கும். பூக்கள் கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என நால்வகைப்படும். மரத்தினின்றும் பறிப்பது ஒரு முறை. கொடியினின்றும் கிள்ளுவது ஒரு முறை. நீரிலிறங்கிக் கொய்வது வேறு. வகை வகையாக வேறுவேறு கூடைகளில் இடல் வேண்டும். முகையவிழும் பதத்திற் கொய்ய வேண்டும். சற்று முந்தினால் அது மலராது, சற்றுப் பிந்தினால் வண்டு எச்சிற்படுத்திவிடும். மூச்சுக் காற்றுப் படலாகாது, நிலத்திற் சிந்தலாகாது. பின்னர்த் தூய்மையானதோரிடத்தமர்ந்து, திருமுடிக்கு வட்டமாக வளைத்துக் கட்டும் இண்டை, காம்போடு காம்பு சேர்த்து இருபுறமும் மலர் தோன்றப் புணைக்கும் கண்ணி, கோப்பனவாகிய கோவை, பின்னுவனவாகிய பிணையல் என இன்னின்னது இன்னின்ன வேளைக்கு எனத் தேர்ந்து தொடுத்தல் வேண்டும். நாரை இறுக்கினாற் காம்பு அறும். நெகிழ்த்தினாற் பூ உதிரும். இறுக்கத்திற்கும் நெகிழ்ச்சிக்கும் இடையிலுள்ள அந்த அளவை எந்த நூலும் எழுதி வைக்கவில்லை. விரல் நுனி அறியும். அதுவும் உள்ளம் விரல் நுனியில் இருந்தால்தான் அறியும்.

ஒரு பூவைத் தொடுக்கும்போது அடுத்த பூவை நினைத்தால் இந்தப் பூ கெடும். நாயனார் ஒரு நாளைக்கு ஆயிரம் பூத் தொடுத்தார் என்று வைத்துக்கொண்டால், ஆயிரம் முறை நிகழ்காலத்தில் நின்றார் என்பதே அதன் பொருள். அங்ஙனம் நின்ற உள்ளத்திலே ஐந்தெழுத்து ஓடிற்று. ஆதலால் அவர் தொடுத்தது பூவை மாத்திரமன்று. சிதறுண்ட பொழுதையுந் தொடுத்தார். வைகாசி மூலத்தில் நல்லூர்ப் பெருமணத்திலே பிள்ளையாருடன் சோதியிற் கலக்கும்வரை அவர் வேறொரு தவமும் செய்ததாகச் சேக்கிழார் கூறவில்லை.

இவ்விடத்து ஓர் ஐயம் எழும். மெல்லச் செய்க என்பது சோம்பலுக்கு இடந்தருமே என்பர். அன்று. நாயனார் வைகறையிற் கண்விழித்தவர். மலர் அவிழும் நாழிகையைத் தவறவிடாதவர். பொழுதறிந்து செய்தல் வேறு; பொழுதால் துரத்தப்படுதல் வேறு. சோம்பன் இக்கணத்தைத் தள்ளிப்போடுகின்றான். விரைவான் இக்கணத்தைத் தாண்டிக் குதிக்கின்றான். இருவரும் இக்கணத்தில் இல்லை என்பதில் உடன்பிறந்தாரே. நாட்கூலிக்கு ஓடும் ஏழைமக்களைப் பார்த்து நின்று நிதானித்து வாழ்க என்று உண்டு கொழுத்தார் சிலர் உபதேசிப்பதும் உண்டு. அது கொடுமை. அவ்வேழைகளை விரட்டுவது அவர்கள் மனமன்று, பிறர் பேராசை. ஆயினும் நடவு நடும் பெண்டிர் குனிந்து ஒவ்வொரு முடியாகப் பிரித்து ஊன்றும் கையை உற்று நோக்குமின். நம்மிற் பலரினும் அவர்கள் நாயனார்க்கு அணியராய் இருத்தல் புலனாகும்.

ஆன்மாவின் அறிவைப் பற்றியும் சிறிது கூறல் வேண்டும். ஆன்மா ஒன்றை அறியும்போது மற்றொன்றை விட்டே அறியும். எல்லாவற்றையும் ஒருங்கே, கருவியின்றி, முன்பின்னின்றி அறிதல் முதல்வன் ஒருவனுக்கே இயல்பு. ஒரு கையால் உண்டு, மறு கையாற் கைப்பேசியைத் தடவி, செவியால் ஒருவர் பேச்சைக் கேட்டு, கண்ணால் வேறொரு காட்சி காண்பான், தன்னை வல்லவன் என்று எண்ணிக்கொள்கின்றான். உண்மையில் அவன் இறைவனுடைய முற்றறிவைக் களவாட முயன்று தனக்குரிய சிற்றறிவையும் இழக்கின்றான். இதுவும் ஆணவத்தின் ஒரு விளையாட்டே. மேலும் ஆன்மா சார்ந்ததன் வண்ணமாவது. படிகம் செம்மலரைச் சார்ந்தாற் சிவக்கும். நீலத்தைச் சார்ந்தால் நீலமாம். கணத்திற்கொரு நிறத்தைச் சுழற்றிக் காட்டினால் அப்படிகம் எந்நிறமுந் தெளிவாகக் கொள்ளாது கலங்கித் தோன்றும். சிவத்தைச் சார்ந்து சிவமாந் தன்மை எய்தவேண்டிய பொருளுக்கு, ஒன்றைச் சார்ந்து நிற்கும் பழக்கமே இல்லாதொழிந்தால் உய்தி எங்ஙனம்?

2022-ஆம் ஆண்டு டிசம்பரில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழ்நாட்டுக் கோயில்களினுள் கைப்பேசி கொண்டு செல்வதைத் தடுக்குமாறு அறநிலையத் துறைக்கு ஆணையிட்டது. நன்றே. கருவறையை நோக்கிக் கை குவிப்பதற்கு மாறாகக் கருவியை நீட்டும் காட்சி அடியார்க்குப் பெருந்துயர் விளைத்தது. ஆனால் கருவியை வாயிற்புறத்து வைத்துச் சீட்டுப் பெறலாம். "எப்பொழுது மீண்டு எடுப்போம்" என்னும் நினைவை எவ்விடத்து வைத்துச் சீட்டுப் பெறுவது? அது நம்முடனேயே வலம்வருகின்றது. தீபாராதனையின்போது கண்மூடி நிற்போரிற் பாதிப்பேர் உள்ளே காண்பது தீபத்தையன்று, வரிசையின் நீளத்தை.

அண்மைக்காலத்து, நிகழ்காலத்தில் வாழ்தல் என்பதனை உடல்நலத்திற்கும் மனவமைதிக்கும் உரிய பயிற்சியாகப் பலரும் போதிக்கின்றனர். மூச்சை நோக்குக, உணவை மென்று உண்க, நடையை உணர்ந்து நடக்க என்கின்றனர். அவற்றை நாம் இகழோம். குருதி கொதிப்பு அடங்கினால் நன்றே. ஆயினும் சித்தாந்தி ஒரு வினா வினவுவான்: நிகழ்காலத்தில் வந்து நின்றபின் அங்கே யாரைக் கண்டீர்? மாடும் நிகழ்காலத்திலேதான் மேய்கின்றது. அதற்கு நேற்றைய வருத்தமும் நாளைய கவலையும் இல்லை. அதனாற் பசுத்துவம் நீங்கிற்றென்று யாரும் சொல்லார். வெறுங் கணம் ஒரு வெற்றுக் கலம். அதில் ஊட்டுவான் ஒருவன் நிற்கின்றான் என்னும் உணர்வு கூடியபோதே அது வர்த்தமான 'ஈச்சரம்' ஆகும். அதனாலன்றோ வர்த்தமானம் என்று நிறுத்தாது, ஈச்சரம் என்பதனையுங் கூட்டிப் பெயரிட்டனர்.

அப்பர் பெருமான் தம் இறுதிக் காலத்து இத்தலத்தேதான் உழவாரப் படையாற் புல்லைச் செதுக்கித் தொண்டு செய்தார். உழவாரம் நுழைந்த இடமெல்லாம் பொன்னும் நவமணியும் பொலிந்தன. அவற்றைப் பருக்கைக் கற்களோடு ஒன்றாகவே வாரி வாவியில் எறிந்தார். பொன்னை இகழ்ந்தமை பெரிதென்பர். அன்று செதுக்க வேண்டிய புல் இன்னும் இருந்தது என்பதே அவர்க்குப் பெரிதாயிருந்தது என்று அடியேன் கருதுவேன். சுந்தரமூர்த்தி சுவாமிகளோ இதே தலத்திற்குப் பங்குனி உத்திரச் செலவுக்குப் பொன் வேண்டி வந்தார். வந்தவர் செங்கல்லைத் தலைக்கணையாக வைத்துத் துயின்றார். விழித்தபோது கல் பொன்னாயிருந்தது. தேடி வந்த பொருள் துயிலும்போது கிடைத்தது. தேடாதவர் காலடியிற் குவிந்தது வாவிக்குப் போயிற்று. ஒரே ஊர், ஒரே இறைவன். அவரவர்க்குரிய கவளம் அவரவர்க்கு.

இக்கருத்தைச் சென்ற ஆண்டு ஓரவையிற் கூறியபோது, கணினித் தொழில் புரியும் அன்பர் ஒருவர் கூட்டம் கலைந்தபின் வந்து தனியே நின்றார். அவருடைய தந்தையார் இறுதிப் பதினொரு நாள் மருத்துவமனையிற் கிடந்தாராம். இவர் ஒரு நாளும் தவறாது படுக்கையருகே இருந்தாராம். "ஐயா, இருந்தேன், ஆனால் இல்லை. அலுவற் செய்திகளுக்கு விடை எழுதிக்கொண்டேயிருந்தேன். அவர் ஏதோ இருமுறை சொன்னார். 'ஆம், அப்பா' என்றேன். என்ன சொன்னார் என்று இன்றுவரை தெரியவில்லை. இதற்குக் கழுவாய் உண்டா?" என்று கேட்டுக் கண்ணீர் விட்டார்.

எளிதிற் சொல்லத்தக்க விடையன்று அது. ஒன்றுமில்லை என்று தேற்றுதல் பொய். பெரும்பாவம் என்று அச்சுறுத்துதல் புண்ணிற் கோலிடுதல். நூலின் வழியே நின்று அவர்க்கு இவ்வாறு கூறினேன்: "சென்ற காலத்தின் தொழில் வரம்பு செய்தல். உம் தந்தையார் சொல் அவ்வரம்புக்கு அப்பாற் சென்றுவிட்டது; அதனைக் கேட்க முயன்று ஒவ்வோரிரவும் அவ்வேலியில் முட்டிக்கொள்ளாதேயும். அங்ஙனம் முட்டிக்கொள்ளும் இரவிலும் நீர் இங்கு இல்லை என்பதனை உணரும். முன்பு அலுவல் உம்மை அப்படுக்கையினின்றும் கொண்டுபோயிற்று. இப்பொழுது அப்படுக்கை உம்மை வீட்டினின்றும் கொண்டுபோகின்றது. பிதிர்க்கடன்களை முறைப்படி செய்யும். அன்னையார் இருக்கின்றாரா?"

இருக்கின்றார் என்றார்.

"அவர் யாது செய்துகொண்டிருப்பார்?"

சற்று நேரம் எண்ணிப் பார்த்து, மாலையில் சுவாமிக்குப் பூத்தொடுப்பார் என்றார். அவ்வளவையும் எண்ணிப் பார்த்தே சொல்லவேண்டியிருந்தது அவர்க்கு. நாடோறும் அவ்வேளையில் அருகிருந்து நார் கிழித்துக் கொடும் என்றேன். வேறு விரதமெதுவும் விதிக்கவில்லை. கைப்பேசியைப் பற்றியும் ஒன்றுஞ் சொல்லவில்லை. வாழைநார் கிழிப்பதற்கு இரண்டு கையும் வேண்டும்.

கார்த்திகையில் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. நார் நனைந்திருந்தால்தான் நேராகக் கிழிகின்றது என்றும், முதற் பத்து நாள் தாம் கிழித்ததெல்லாம் அம்மையார் ஒதுக்கி வைத்துவிட்டார் என்றும், இப்பொழுது ஒதுக்குவதில்லை என்றும் எழுதியிருந்தார். தொடுக்கும்போது அம்மையார் தம் இளமைக்காலத்துச் செய்திகளைச் சொல்லுகின்றாராம். தந்தையார் பெண்பார்க்க வந்த நாளில் மழை பெய்து வண்டி சேற்றில் அழுந்தியதும், அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சக்கரத்தைத் தூக்கியதும் தாம் அதுகாறும் கேட்டறியாதவை என்று எழுதி, அடுத்த வைகாசி மூலத்தன்று அம்மையாரைத் திருப்புகலூருக்கு அழைத்துச் செல்ல எண்ணியிருப்பதாகவும், அங்கு முருக நாயனார் சந்நிதிக்குச் சாத்துதற்கு எவ்வகை மாலை உகந்தது என்றும் கேட்டிருந்தார். இண்டை கட்டப் பழகிக்கொள்ளும்படி விடை எழுதினேன்.

திருச்சிற்றம்பலம்